பைக் இன்ஜின் வேலைக்கு நல்ல லேத் பட்டறையைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பிரித்தால், மெக்கானிக்கின் கையை விட்டு வெளியே போகிற வேலை ஒன்று இருக்கிறது. சிலிண்டர் பிளாக்கைப் போர் செய்வது (தேய்ந்த உட்சுவரைச் சற்றுப் பெரிய வட்டமாக வெட்டுவது), கிராங்க்கில் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கனெக்டிங் ராடு மாற்றுவது, ஹெட்டில் வால்வு சீட் (வால்வு உட்கார்ந்து மூடும் வளையம்) வெட்டுவது ஆகியவற்றுக்கான இயந்திரங்கள் பெரும்பாலான மெக்கானிக் கடைகளில் இருப்பதில்லை. பொருள் ஒரு பையில் வெளியே போய், இரண்டு நாளில் திரும்பி வருகிறது. அது எந்தப் பட்டறைக்குப் போனது, அங்கே யார் அளந்தார், என்ன அளவுக்கு வெட்டினார் என்று வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. பிறகு புகை வந்தால் மெக்கானிக் லேத்காரரைக் கைகாட்டுவார். லேத்காரர் பிஸ்டனைக் கைகாட்டுவார்.

இந்த நிலைமையைத் தவிர்க்க, பட்டறையை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு இயந்திர அறிவைவிட, எதை எதற்குப் பின் செய்வது என்ற ஒழுங்கும், பட்டறையில் எதைக் கவனிப்பது என்ற தெளிவும்தான் தேவை. கீழே சொல்லப்படுபவை ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட் 350, ஆர்எக்ஸ் 100 போன்ற காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

1. என்ன வேலை தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"இன்ஜின் வேலை" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு பட்டறை தேடக்கூடாது. போர் வேலையில் கைதேர்ந்தவர் கிராங்க் வேலையில் சாதாரணமானவராக இருக்கலாம். ஹெட் வேலைக்குத் தனியாக ஆள் இருக்கலாம். எந்த வேலை என்று தெரிந்தால்தான் யாரைத் தேடுவது என்பது தெரியும்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால், பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் கேஜை (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கருவி) ஸ்பார்க் பிளக் துளையில் பொருத்தி அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே துளை வழியாக ஒரு சிறிய கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் கசிவு பிஸ்டன் ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம்.

புகை எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறக்கத்தில் உருண்டு வந்து, மறுபடி முறுக்கும்போது மட்டும் நீலப் புகை கிளம்பினால், வால்வு கைடையும் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) அதன் ஆயில் சீலையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். சீல் மட்டும் மாற்றினால் தீர்ந்துவிடக்கூடிய கோளாறுக்குப் பிளாக்கைப் போர் செய்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வெட்டிய இரும்பு திரும்பி வராது என்பதால், இந்த ஒரு படியில் அவசரப்படவே கூடாது.

2. உங்கள் பிளாக் போர் செய்யக்கூடியதா?

ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் அலுமினிய பிளாக்கின் உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உள் குழல்) இருக்கிறது. பழைய புல்லட்டில் பிளாக் முழுவதுமே வார்ப்பிரும்பு. இவற்றைப் போர் செய்யலாம்.

கேடிஎம் டியூக் 390 போன்ற வண்டிகளில் சிலிண்டரின் உட்சுவருக்கு நிக்கசில் என்ற கடினமான மெல்லிய பூச்சு உண்டு. யமஹா ஆர்15 வண்டியின் முதல் தலைமுறையில் வந்த டயாசில் என்ற அலுமினிய-சிலிக்கன் கலவைச் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவே கிடையாது. இத்தகைய பிளாக்குகளை வழக்கமான முறையில் போர் செய்ய முடியாது; தேய்ந்துவிட்டால் பிளாக்கையும் பிஸ்டனையும் சேர்த்து மாற்றுவதே நடைமுறை. "எல்லாவற்றையும் போர் செய்து கொடுத்துவிடலாம்" என்று கேள்வியே கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும் பட்டறையிலிருந்து பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

3. பிஸ்டனை வாங்கிய பிறகே வேலைக்குக் கொடுக்கவும்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். முதலில் போர் செய்துவிட்டு, பிறகு கடை கடையாகப் பிஸ்டன் தேடுகிறார்கள். பொதுவாக ஓவர் சைஸ் பிஸ்டன்கள் (மூல அளவைவிடப் பெரியவை) 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் வரும் என்றாலும், எல்லா வண்டிக்கும் எல்லா சைஸும் எல்லா ஊரிலும் கிடைக்காது. 0.25-க்கு வெட்டிவிட்டு அந்தப் பிஸ்டன் கிடைக்காமல் 0.50-க்கு மறுபடி வெட்டினால், பிளாக்கின் ஆயுளில் ஒரு படி வீணாகிறது.

ஆகவே முதலில் பிளாக்கை அளக்கச் சொல்லுங்கள். எந்த ஓவர் சைஸில் தேய்மானமும் கீறலும் முழுமையாக நீங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்தப் பிஸ்டனை ரிங், பின், சர்க்ளிப் ஆகியவற்றோடு வாங்கி, கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கொடுக்கவும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், மற்ற ஊர்களில் உதிரிபாகக் கடைகள் நெருக்கமாக உள்ள தெருக்களிலும் தேடலாம். கடைசி சைஸும் தாண்டிவிட்ட பிளாக்காக இருந்தால் புது ஸ்லீவ் போட வேண்டியிருக்கும். அது தனி வேலை, தனிக் கூலி.

பிஸ்டனைக் கையோடு கொண்டுபோவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டப்பாவின் மேல் அச்சிட்டுள்ள எண் படியை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் பிஸ்டனின் உண்மையான விட்டம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நூறில் ஒன்றிரண்டு மி.மீ. மாறக்கூடும். டப்பா எண்ணைப் பார்த்து வெட்டுபவர் ஊகத்தில் வெட்டுகிறார். பிஸ்டனை அளந்து வெட்டுபவரைத்தான் நாம் தேடுகிறோம்.

4. பட்டறைகளின் பெயர்களைச் சேகரித்தல்

ஒரே மெக்கானிக்கிடம் கேட்டு முடித்துவிடாமல், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத சிலரிடம் கேட்க வேண்டும். கேட்கும் விதமும் முக்கியம். "நல்ல லேத் எது?" என்றால் நண்பர் கடையைச் சொல்வார்கள். "உங்கள் சொந்த வண்டியின் பிளாக்கை எங்கே கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் பதில் வேறாக வரும்.

பிஸ்டன் விற்கும் கடைக்காரர்களைத் தவறவிடாதீர்கள். எந்தப் பட்டறையில் போர் செய்தவர்கள் பிஸ்டன் ஜாம் ஆகித் திரும்ப வருகிறார்கள் என்பது, வேறு யாரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆட்டோ ரிக்‌ஷா இன்ஜின் பார்ப்பவர்களும் நல்ல வழிகாட்டிகள். தினம் ஓடிச் சம்பாதிக்கும் வண்டியை அவர்கள் மோசமான பட்டறைக்கு இரண்டாவது முறை கொடுக்க மாட்டார்கள்.

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் ஆகிய இடங்களில் பந்தயத்துக்கு வண்டி தயார் செய்யும் மெக்கானிக்குகளை விசாரிக்க முடிந்தால் அவசியம் விசாரியுங்கள். பந்தய இன்ஜின் அளவுப் பிசகை உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அவர்கள் போகும் பட்டறைகள் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவை.

கோவையில் ஆவாரம்பாளையம், கணபதி, சென்னையில் அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகள் என்று லேத்கள் குவிந்திருக்கும் பகுதிகளில் நேரே போய்த் தேடுவதும் பயனுள்ளது. ஆனால் அங்குள்ள பட்டறைகளில் பெரும்பாலானவை பம்புசெட் பாகங்களோ தொழிற்சாலை ஆர்டர்களோ செய்பவை. லேத் இருப்பதாலேயே ஓரிடம் பைக் சிலிண்டருக்கு ஏற்றதாகிவிடாது. "பைக் பிளாக் வாரத்துக்கு எத்தனை வரும்?" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

5. பொருளைக் கொடுப்பதற்கு முன் பட்டறையைப் பாருங்கள்

முதல் முறை போகும்போது கொடுத்துவிடும் எண்ணத்தோடு போகாமல், அளந்து தரச் சொல்லும் எண்ணத்தோடு மட்டும் போகவும். அளக்கும் விதத்திலேயே பட்டறையின் தரம் முக்கால்வாசி தெரிந்துவிடும். இயந்திரம் பழையதா புதியதா, சுவர் கறுத்திருக்கிறதா என்பதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. அளவுக் கருவிகள் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்கிறேன். பெட்டிக்குள் எண்ணெய் தடவி வைத்த மைக்ரோமீட்டரும், இரும்புத் துகளுக்கு நடுவே கிடக்கும் மைக்ரோமீட்டரும் ஒரே அளவைக் காட்டும் என்று நம்ப முடியாது.

கோவையில் நான் தொடர்ந்து போகும் ஒரு சிறிய பட்டறையில், பிளாக்கை மேசைமேல் வைத்தவுடன் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி, "பிஸ்டன் எங்க தம்பி?" என்பதுதான். பிஸ்டனை வாங்கி, பிளாக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே துணியால் துடைத்து, பிஸ்டன் பின்னுக்குக் குறுக்குத் திசையில், பாவாடையின் (பிஸ்டனின் பக்கச்சுவர்) கீழ்ப்பகுதியில் மைக்ரோமீட்டரை வைப்பார். அதே மைக்ரோமீட்டரில் போர் கேஜைப் (உள்விட்டம் அளக்கும் கருவி) பூஜ்யத்துக்குப் பொருத்திக்கொண்டு பிளாக்கின் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளிலும் அளந்து, ஆறு எண்களையும் சாக்பீஸால் மேசையிலேயே எழுதுவார்.

அவர் காத்திருப்பது வீண் சடங்காகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன், 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.02 மி.மீ. விரிகிறது. சிறிய நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடைவெளியே நூறில் இரண்டு மூன்று மி.மீ. அளவில்தான் இருக்கும். வெயிலில் நின்ற வண்டியின் பெட்டியிலிருந்து எடுத்த பிஸ்டனை உடனே அளந்து வெட்டினால், அந்த இடைவெளி ஏறத்தாழ இரு மடங்காகிவிடும்.

ஆறு எண்களின் காரணமும் எளியது. சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. ரிங் திரும்பும் மேல்பகுதியில் தேய்மானம் அதிகம். பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் முன்பின் திசையில் இன்னும் அதிகம். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் கூம்பாகத் தேய்ந்ததும் தெரியாது, முட்டை வடிவானதும் தெரியாது.

வெர்னியர் காலிப்பரை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்து அளவு சொல்பவரிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள். சாதாரண வெர்னியரின் நுணுக்கமே 0.02 மி.மீ.; நமக்குத் தேவையான இடைவெளியும் கிட்டத்தட்ட அதுவேதான்.

அளவு எடுத்து முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: "இந்தப் பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்?" எண்ணாகப் பதில் வர வேண்டும். "கையில் தள்ளினால் இறங்கும் அளவுக்கு" என்பது பதில் ஆகாது. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, பிஸ்டன் 50.22 மி.மீ. என்று அளந்து, தேவையான இடைவெளி 0.03 என்றால், முடிந்த போர் 50.25 இருக்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கும் ஒரே இடைவெளியைச் சொல்பவரிடம் கொடுக்கத் தயங்குங்கள்.

இரண்டாவது கேள்வி: "பிளாக்கை எந்த முகத்தை வைத்து நேராக்குவீர்கள்?" போர், பிளாக் கிராங்க் கேஸில் (இன்ஜினின் கீழ்க்கூடு) உட்காரும் அடிமுகத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மேல்முகத்தை மட்டும் நம்பி இயந்திரத்தைப் பொருத்தினால், அந்த முகத்தில் இருக்கும் சாய்வு போரிலும் வந்துவிடும்; பிஸ்டன் சாய்ந்தே ஓடும். தேய்மானம் படாத கீழ்ப்பகுதியை வைத்து மையம் பிடிப்பதாகவும் அவர் சொன்னால், தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வி: "ஹோனிங்குக்கு எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள்?" போர் செய்யும் கருவி சுவரில் மெல்லிய வரிகளை விட்டுச்செல்லும். கடைசிச் சில நூறில் ஒரு பங்கு மி.மீ. அளவை ஹோனிங் கல்லால்தான் எடுக்க வேண்டும். கல் விட்டுச்செல்லும் குறுக்குக் கோடுகளில்தான் ஆயில் தங்கி, புது ரிங் படிகிறது. முழு அளவுக்கும் வெட்டிவிட்டு எமரி ஷீட்டால் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணாடி போல மின்னும் போர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ரிங் படியாமல் ஆயில் குடிக்கும்.

இந்தக் கேள்விகளை மரியாதையோடும், கற்றுக்கொள்ளும் தொனியிலும் கேட்க வேண்டும். வேலை தெரிந்தவர் விளக்கிச் சொல்வதில் மகிழ்ச்சி அடைவார். எரிச்சலடைபவர் எல்லோரும் வேலை தெரியாதவர்கள் அல்லர். கூட்டம் அதிகமான நேரமாக இருக்கலாம். மறுநாள் காலை, பட்டறை திறந்தவுடன் போய்ப் பாருங்கள்.

6. கிராங்க், ஹெட் வேலைகளுக்குத் தனியாகக் கேட்க வேண்டியவை

ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் கிராங்க் பொதுவாகப் பல பாகங்களை அழுத்திப் பொருத்திய அமைப்பு. ராடு கிட் மாற்ற, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பின்னைத் தள்ளி எடுத்து, புதியதை அழுத்திப் பொருத்த வேண்டும். பிரஸ் இருந்தால் மட்டும் போதாது. பொருத்திய பிறகு கிராங்க்கை இரண்டு முனைகளில் தாங்கி, டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்துச் சுற்றி, ஆட்டத்தை நேராக்கும் வசதியும் பொறுமையும் வேண்டும். ஆகவே டயல் கேஜ் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்து நேராக்கிய கிராங்க், பேரிங்கைச் சீக்கிரமே தின்றுவிடும்; கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு தெரியும்.

ஹெட்டில் வரிசைதான் முக்கியம். முதலில் வால்வு கைடின் ஆட்டம், பிறகு சீட். சீட் வெட்டும் கட்டர், கைடுக்குள் நிற்கும் கம்பியை மையமாகக் கொண்டு சுற்றுகிறது. தேய்ந்த கைடை அப்படியே வைத்துச் சீட்டை வெட்டினால் சீட்டும் மையம் தவறிப்போகும். வால்வு பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது கடைசி மெருகுக்கு மட்டுமே. குழி விழுந்த சீட்டை அது சரிசெய்யாது, வால்வின் முகத்தைத்தான் தேய்க்கும்.

பிளக் மரை போயிருந்தால், ஹெலிகாயில் (கம்பிச்சுருள் மரை) அல்லது புஷ் (உள்ளே பொருத்தும் புது மரை வளையம்) எது போடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளவும். ஸ்ப்ளெண்டரில் பிளக் மரை 10 மி.மீ., பழைய புல்லட்டில் 14 மி.மீ.; அந்த அளவு டேப் (மரை வெட்டும் கருவி) அவர்களிடம் இருக்க வேண்டும்.

7. ஒப்படைக்கும்போது

பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவி, கார்பனையும் பழைய கேஸ்கட் ஒட்டையும் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள். அடிமுகத்தில் கேஸ்கட் துணுக்கு ஒட்டியிருந்தால் பிளாக் சாய்ந்து உட்காரும்; சாய்ந்தே வெட்டப்படும். துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் எடுத்துச் செல்லவும். கோணிப் பையில் போட்டுக் கொண்டுபோய் ஃபின் (குளிர்விக்கும் தகடு) உடைந்தால், பிறகு ஆர்கான் வெல்டிங்குக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஒரு தாளில் வண்டியின் மாடல், பிஸ்டனின் அளந்த விட்டம், ஒப்புக்கொண்ட இடைவெளி, செய்ய வேண்டிய வேலை, செய்யக்கூடாத வேலை, கூலி, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி ஒரு பிரதியைப் பெட்டியில் வையுங்கள். பட்டறையில் ஒரே மாதிரி ஸ்ப்ளெண்டர் பிளாக்குகள் வரிசையாக இருக்கும். பிளாக்கை வெட்டப்போவது நீங்கள் பேசிய ஆளாக இல்லாமலும் இருக்கலாம். வாய்ப்பேச்சு கைமாறும்போது பாதி தொலைந்துபோகும். எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளவும். கிராங்க் கேஸைக் கொடுத்தால் இன்ஜின் எண் தெளிவாகத் தெரியும்படி எடுக்க வேண்டும். கேஸையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த எண் ஆர்சி புத்தகத்தில் பதிவான எண் என்பதால், ஆர்டிஓ அலுவலகத்தில் முறையைக் கேட்காமல் சம்மதிக்கக்கூடாது.

"இன்றைக்கே வேண்டும்" என்று நெருக்குவதைத் தவிர்க்கவும். வெட்டிய சூட்டோடு அளந்து முடித்தால் அளவு தவறும். ஆறவிட்டு அளக்க அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

8. திரும்ப வாங்கும்போது அங்கேயே சோதியுங்கள்

காசு கொடுப்பதற்கு முன், உங்கள் முன்னிலையில் மறுபடி ஆறு இடங்களில் அளந்து காட்டச் சொல்லுங்கள். எண்களைத் தாளில் எழுதி வாங்கவும்.

ஒவ்வொரு ரிங்கையும் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக உட்காரவைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) பார்க்கவும். கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்தால், சூடானதும் முனைகள் முட்டி ரிங் உடையும். மிக அதிகமாக இருந்தால் ரிங் சைஸ் மாறியிருக்கிறது அல்லது போர் பெரிதாக வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் பிளாக்கில், போர்ட் துளைகளின் (சுவரில் வாயு போய்வரும் வழிகள்) விளிம்பை விரலால் தடவுங்கள். கூர்மையாக இருந்தால் விளிம்பை மெல்ல உடைத்து மழுங்கச் செய்து தரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ரிங் அதில் சிக்கும். பலர் மறக்கிற வேலை இது.

ஹெட்டாக இருந்தால் வால்வுகளைப் பூட்டி, போர்ட் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடங்கள் வைக்கவும். வால்வைச் சுற்றி ஈரம் கசியக்கூடாது. புகைப்பவர் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.

9. கழுவுதல், பூட்டுதல், முதல் ஓட்டம்

ஹோனிங் கல்லின் துகள் சுவரின் கோடுகளுக்குள் புதைந்திருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை முழுதாக எடுக்காது. வெந்நீரில் சோப்புத்தூள் கலந்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைக்கவும். துணியில் சாம்பல் நிறம் படிவது நிற்கும் வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தமானதும் உடனே உலர்த்தி ஆயில் தடவுங்கள். வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். நல்ல பட்டறையின் வேலையும் இந்தக் கழுவலைத் தவிர்த்ததால் கெட்டுப்போயிருக்கிறது. பழி லேத்காரர்மேல் விழுந்திருக்கிறது.

பூட்டிய பிறகு முதல் நாளில் சிறிது நேரம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டவும். முதல் 500 கி.மீ. வரை முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போவதும் வேண்டாம். பழைய புல்லட்டில் இன்ஜின் ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, வடியும் ஆயிலில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள்.

500 கி.மீ. கடந்ததும் கம்ப்ரஷனை மறுபடி அளந்து, பட்டறையில் எழுதி வாங்கிய தாளிலேயே குறித்துக்கொள்ளவும். குறை தெரிந்தால் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் அந்தத் தாளோடு பட்டறைக்குப் போய்ப் பேசுங்கள்; அளவுகள் எழுத்தில் இருக்கும்போது, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அவரால் சொல்ல முடியும். குறை இல்லாவிட்டாலும் ஒரு முறை போய் வண்டி எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். வெட்டிக் கொடுத்த பிளாக் பிறகு என்ன ஆனது என்று பெரும்பாலான லேத்காரர்களுக்கு யாரும் சொல்வதே இல்லை.